தமிழ் நோட்டீஸும் போஸ்டரும் கெட்டுப்போகும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

மாசி பிறந்தால் திருவிழா நோட்டீஸ், வைகாசியில் கல்யாணப் பத்திரிகை, ஜனவரியில் பள்ளி ஆண்டு விழா என்று வருடம் முழுக்க யாராவது ஒருவர் பென் டிரைவோடு வந்து நிற்பார். "கொஞ்சம் பாருங்களேன், ஏதோ சரியில்லை, என்னன்னு சொல்லத் தெரியலை." பல வருடங்களாக இதைப் பார்த்ததில், வரும் கோளாறுகள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்த அமைப்புகளைத் தமிழ் எழுத்துக்கு அப்படியே விட்டுவிடுவதால் வருபவை. அதனால் காசு செலவழிக்கும் முன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

தொடங்கும் முன் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். திருத்துவது எல்லாம் நகலில்தான்.

அறிகுறி 1: எழுத்து உடைந்து வருகிறது

இதில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் மருந்து வேறு. எது உங்களுடையது என்று முதலில் பாருங்கள்.

*எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.* தேர்ந்தெடுத்த ஃபான்டில் தமிழே இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். நான்கும் இலவசம், விற்பனைக்கான அச்சு வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாற்றியதும் சரியானால் வேலை முடிந்தது.

*ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து அர்த்தமில்லாமல் தெரிகிறது.* இது பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்தது. அந்த ஃபான்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும்; ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அடித்துக் கொடுத்தவரிடம் எந்த ஃபான்ட் என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு யூனிகோடாக (எல்லாக் கணினியும் படிக்கும் பொது எழுத்துமுறை) மாற்றிவிடலாம். பெயர் தெரியாவிட்டால் பாமினியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், சரியானதைத் தொட்டதும் தமிழ் தானாக வந்து நிற்கும்.

மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய ஃபான்டுகளில் 'ர்' எழுதத் துணைக்காலையே ('ா') போட்டு அதன் மேல் புள்ளி வைக்கும் பழக்கம் உண்டு. மாற்றும்போது சில சமயம் அது துணைக்காலாகவே தங்கிவிடும். ஒரு ஃபான்டில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இன்னொரு ஃபான்டுக்கு மாற்றினால் 'தலைவர்' என்பதன் கடைசியில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் எட்டிப்பார்க்கும். துணைக்காலும் புள்ளியும் சேர்ந்த வடிவத்தைத் தேடி 'ர்' என்று ஒட்டுமொத்தமாக மாற்றுங்கள். அதே மூச்சில் 'ஔ' என்ற எழுத்து 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதா, 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

*எழுத்து தமிழ்தான், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.* 'கொடி' என்று அடித்தால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். மென்பொருளில் எழுத்துகளைக் கோக்கும் அமைப்பு இந்திய மொழிகளுக்குத் திறக்கப்படவில்லை. இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டு, பாராகிராஃப் மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை எடுங்கள். போட்டோஷாப்பிலும் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிதான். புதிய பதிப்பில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்றும் பழையதில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்றும் இருக்கும். மாற்றிய பின்னும் எழுத்து அப்படியே உடைந்திருந்தால் பதற வேண்டாம், ஏற்கெனவே அடித்த லேயர் தானாக மாறாது, புதிய டெக்ஸ்ட் லேயர் எடுத்து அதில் ஒட்டுங்கள். இங்க்ஸ்கேப்பிலும் ஜிம்ப்பிலும் இந்தத் தொல்லை கிடையாது, தமிழ் நேராகவே வரும். கையில் இருப்பது பழைய மென்பொருள், புதிது வாங்கவும் வழியில்லை என்றால் நான் முதலில் சொல்வது இங்க்ஸ்கேப்.

*வீட்டில் சரியாக இருக்கிறது, அச்சகத்தில் திறந்தால் உடைகிறது.* அங்கே உங்கள் ஃபான்ட் இல்லை, அல்லது அவர்கள் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் வேலை பார்க்கிறார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்கு யூனிகோடு தெரியாது. ஆனாலும் பல ஊர்களில் அதுதான் ஓடுகிறது, பழகிய கைகள் அதில் வேகமாக வேலை செய்கின்றன, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, எழுத்தை எல்லாம் கர்வ் (வெறும் கோட்டு உருவம்) ஆக்கி பிடிஎஃப் எடுத்து அனுப்புவது. கர்வ் ஆக்கியதில் பிறகு ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு அப்புறம் செய்யுங்கள்.

டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நூறு பக்க மலர், அதில் மூன்று நான்கு பேர் வெவ்வேறு ஃபான்டில் அடித்த கட்டுரைகள் என்றால், அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: எழுத்து சரி, படிக்கத்தான் சிரமமாக இருக்கிறது

*வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கின்றன.* வரி இடைவெளிதான் காரணம். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றில் தானியங்கி இடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கீ', 'ரீ' மேலே சுழிக்கும், 'ழு', 'ளூ', 'ஞ' கீழே இறங்கும், மேல்வரியின் இறக்கமும் கீழ்வரியின் ஏற்றமும் இடித்துக்கொள்ளும். 140 முதல் 160 விழுக்காடு கொடுங்கள். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 17 அல்லது 18 புள்ளி. பக்கத்தில் இடம் போதாது என்று வரியை நெருக்காதீர்கள், எழுத்தளவை அரை பாயின்ட் குறைத்து இடைவெளியைக் காப்பாற்றுங்கள். கண்ணுக்கு அதுதான் பெரிதாகத் தெரியும், செய்து பார்த்தால் நம்புவீர்கள்.

வேர்டில் எழுத்தின் தலை வெட்டுப்பட்டுத் தெரிந்தால் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும். அதை 'மல்டிபிள்' ஆக்கி 1.3 அல்லது 1.4 கொடுங்கள்.

*வார்த்தைகளுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.* இரண்டு ஓரமும் நேராக வரவேண்டும் என்று ஜஸ்டிஃபை கொடுத்திருப்பீர்கள். 'நடத்திக்கொண்டிருக்கிறார்கள்' மாதிரி ஒரு சொல் வரிக் கடைசியில் இடம் கிடைக்காமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல்வரியில் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று சொற்கள் தூரத் தூர நிற்கும். ஒடுங்கிய பத்தியில் இது இன்னும் மோசம். இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். வலப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பது குறையே கிடையாது.

*தலைப்பில் எழுத்துகள் துண்டு துண்டாகப் பிரிந்து தெரிகின்றன.* டிராக்கிங் (எழுத்துகளுக்கு நடுவில் விடும் இடைவெளி) அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளை அகட்டி வைத்தால் எடுப்பாக இருக்கும். தமிழில் கொம்பு, மெய், கால் மூன்றும் சேர்ந்துதான் ஓர் எழுத்து, அகட்டினால் 'கோ' மூன்று எழுத்தாகிவிடும். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தலைப்பு அகலமாக வேண்டும் என்றால் அளவைக் கூட்டுங்கள், அல்லது அகலமான ஃபான்ட் எடுங்கள்.

*தடித்த எழுத்து மை ஊறின மாதிரி இருக்கிறது.* அந்த ஃபான்டில் தடித்த வடிவம் கிடையாது, நீங்கள் போல்ட் அழுத்தியதும் மென்பொருள் தானே கோட்டைப் பருமனாக்கி ஒப்பேற்றுகிறது. 'ண', 'ஞ', 'ஜ' இவற்றின் உள்வெளிகள் அடைபட்டுவிடும். மீரா இனிமை, பவனம் இரண்டும் ஒரே தடிமனில் மட்டும் வருபவை, அவற்றில் போல்ட் போடவே வேண்டாம். கட்டமரனில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் உண்டு. தலைப்புக்கு அதில் ஒன்று, உள்ளடக்கத்துக்கு அதிலேயே இன்னொன்று எடுத்தால் முழு நோட்டீஸும் ஒரே குடும்பமாக நிற்கும்.

அறிகுறி 3: எல்லாம் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். வருகிறவர்கள் "கலர் மாத்தணுமா?" என்று கேட்பார்கள். நிறத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். நோட்டீஸைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆறேழு அடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். ஒரே ஒரு விஷயம் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றாலோ, நான்கு விஷயங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன என்றாலோ கோளாறு உறுதி.

முதல் காரணம், ஃபான்ட் கூட்டம். எண்ணிப் பாருங்கள், ஆறு ஏழு இருக்கும். இரண்டாகக் குறையுங்கள். இரண்டாவது, எல்லா வரியும் ஏறக்குறைய ஒரே அளவு: 20 புள்ளி, 22 புள்ளி, 18 புள்ளி. இப்படி இருந்தால் கண் வித்தியாசத்தைப் பிடிக்காது. உள்ளடக்கம் 12 என்றால் துணைத்தலைப்பு 20, தலைப்பு 40 என்று துணிந்து ஏற்றுங்கள். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் பெட்டி, பெட்டிக்கு ஒரு பார்டர், பார்டருக்குப் பூ. பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெற்றிடம் மட்டும் விட்டுப் பாருங்கள். பிரிக்க வேண்டியவற்றை வெற்றிடமே பிரித்துவிடும்.

நான்காவது காரணம் கொஞ்சம் சங்கடமானது: பெயர்கள். கோவில் நோட்டீஸ் என்றால் உபயதாரர், விழாக் குழு, முன்னிலை, தலைமை, நன்கொடையாளர் என்று எண்பது பெயர் வரும். ஒவ்வொருவருக்கும் தன் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானது. கொடுத்த பணத்துக்கு மட்டுமில்லை, ஊரில் அவர்களுக்கு இருக்கும் இடத்துக்கும் அது அடையாளம். பெயரை வெட்டச் சொல்லும் வடிவமைப்பாளர் பேச்சைக் கேட்காதீர்கள். எண்பது பெயரையும் ஒரே ஃபான்ட், ஒரே அளவு, ஒரே தடிமனில் மூன்று பத்தியாக, அகர வரிசையில் பின்பக்கம் போடுங்கள். யாருக்கும் யாரையும்விடப் பெரிய எழுத்து இல்லை என்பதால் மனக்கசப்பும் வராது. முன்பக்கத்தில் கோவில் பெயர், விழாப் பெயர், நாள், நேரம், இடம். ஒருமுறை ஒரு நோட்டீஸில் நாளைத் தேட எனக்கே அரை நிமிடம் ஆனது, தேர் ஓடும் நாள் அது. வெளியூரிலிருந்து வருகிறவர் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

இவ்வளவு செய்தும் பிடிபடவில்லை என்றால் ஒரு வடிவமைப்பாளரை ஒரே ஒரு மாதிரிப் பக்கத்துக்கு மட்டும் அமர்த்துங்கள். அவர் போட்டுத்தரும் அளவுகளை வைத்துக்கொண்டு அடுத்த ஐந்து வருட நோட்டீஸை நீங்களே செய்துவிடலாம்.

அறிகுறி 4: பின்னணியில் எழுத்து முங்கிப்போகிறது

முழுப் பக்கத்தையும் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது கருப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஒன்று எடுங்கள். அதிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. கரைந்துபோனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் போதவில்லை.

இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்களில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று வெளிச்ச வேறுபாடு வைத்திருக்கிறார்கள். தாளுக்கும் அது நல்ல அளவுகோல்தான். நம் ஊர் மஞ்சள், சிவப்பை அதில் நிறுத்துப் பாருங்கள். தூய மஞ்சள் மேல் தூய சிவப்பு 3.7 தான் வரும், தலைப்புக்குத் தாங்கும், சின்ன எழுத்துக்குத் தாங்காது. அதே மஞ்சள் மேல் அரக்குச் சிவப்பு 10-ஐத் தாண்டும். மங்கலமும் குறையவில்லை, பாட்டிக்கும் படிக்க முடிகிறது. மஞ்சள் மேல் வெள்ளை வெறும் 1.07, அதை எந்த நிழல் போட்டும் காப்பாற்ற முடியாது.

பின்னணியில் சாமி படமோ கோபுரமோ இருக்கிறது, மாற்ற முடியாது என்றால், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவதற்கு முன் படத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். கோபுரத்துக்கு மேலே வானம் இருக்கும், எழுத்தின் இடம் அதுதான். நகர்த்த முடியாவிட்டால் எழுத்துக்கு அடியில் ஒரே நிறப் பட்டை. அதற்கும் பிறகுதான் நிழல், கோடு எல்லாம்.

அறிகுறி 5: படம் மங்கலாக, கட்டம் கட்டமாக இருக்கிறது

எங்கிருந்து வந்த படம் என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்கு வந்துவிடும். ஏ4 தாளில் முழுப் பக்கமாக 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். 1600-ஐ ஏ4 நீளத்துக்கு இழுத்தால் 137 டிபிஐ தான் கிடைக்கும், மங்காமல் என்ன செய்யும். எடுத்தவரிடமே திரும்பக் கேட்டு டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை.

அசல் படமே கிடைக்கவில்லை என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள். அந்த 1600 பிக்சல் படம் ஐந்தேகால் அங்குல நீளத்தில் நன்றாகவே அச்சாகும். ஃப்ளெக்ஸ் என்றால் கவலை குறைவு; தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் முழு அளவில் 72 முதல் 100 டிபிஐ இருந்தாலே போதும்.

மறைந்த பெரியவரின் ஒரே பழைய போட்டோ, அதுவும் கசங்கியது என்றால் போனில் படம் எடுத்து வேலையை முடிக்காதீர்கள். ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து சரிபார்த்து வாங்குங்கள். அந்த ஒரு படத்துக்குச் செலவழிக்கலாம்.

அறிகுறி 6: திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்

*பளிச்சென்ற நீலம் ஊதாவாகிவிட்டது, கிளிப்பச்சை வாடிவிட்டது.* திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. கோப்பை முதலிலிருந்தே சிஎம்ஒய்கே-யில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மைகளின் முறை) வையுங்கள். நீலத்தில் சயான் 100 என்றால் மெஜந்தாவை 70-க்கு மேல் ஏற்றாதீர்கள், ஊதா வராது.

*சின்னக் கருப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசிகிறது.* அந்தக் கருப்பு நான்கு மையும் சேர்ந்து வந்தது. அச்சுத் தகடு (பிளேட்) ஒரு மயிரிழை விலகினாலும் ஓரம் தெரியும். எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம்.

*எல்லா நிறமும் ஒரு படி மங்கல்.* மேப்லித்தோ (பளபளப்பில்லாத சாதாரணத்) தாள் மையை உறிஞ்சும். வழவழப்பான ஆர்ட் தாளில் பார்த்த மாதிரியை மேப்லித்தோவில் எதிர்பார்க்க முடியாது. இதற்கு உங்கள் பக்கம் மருந்து இல்லை, அச்சகத்தில் அதே தாளில் ஒரு புரூஃப் (சோதனைப் பிரதி) கேளுங்கள். ஆயிரம் பிரதிக்கு மேல் என்றால் புரூஃப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்கவே கூடாது.

அறிகுறி 7: ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டது, அல்லது வெள்ளைக் கோடு விழுந்தது

பின்னணி நிறம் வெட்டும் கோட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் போக வேண்டும், எழுத்து கோட்டுக்குள் 5 மில்லிமீட்டராவது ஒதுங்க வேண்டும். ஏ5 தாளுக்கு உங்கள் பக்கம் 154-க்கு 216 மில்லிமீட்டர். கேன்வாவில் பிளீட் (அந்த 3 மில்லிமீட்டர் மிகை ஓரம்) காட்டும் வசதியை இயக்கிவிட்டு, பிரின்ட் பிடிஎஃப் ஆக எடுங்கள். அச்சகத்தில் டெமி எட்டில் ஒன்று என்று சொன்னால் அது சுமார் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஏ5-ஐவிடக் கொஞ்சம் ஒடுக்கம், கொஞ்சம் நீளம். தாள் அளவை முதல் நாளே கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி 8: தாளில் அழகு, போனில் படிக்க முடியவில்லை

ஏ4 நோட்டீஸை அப்படியே படமாக்கி ஸ்டேட்டஸில் போட்டால் 12 புள்ளி எழுத்து எறும்பாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் படிக்கச் சொல்வது முறையில்லை. போனுக்குத் தனியாக ஒன்று செய்யுங்கள், 1080-க்கு 1920 பிக்சல் பக்கம், அதில் விழாப் பெயர், நாள், நேரம், இடம் மட்டும். எண்பது பெயர் உள்ள பின்பக்கத்தை பிடிஎஃப் ஆகத் தனியே அனுப்பலாம், தன் பெயரைத் தேடுகிறவர்கள் அதைப் பொறுமையாகத் திறந்து பார்ப்பார்கள். அனுப்பும் முன் உங்கள் போனை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் நாளையும் நேரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் அந்த இரண்டு வரிகளின் அளவை மட்டும் கூட்டுங்கள்.